இரவு வியர்வை: வெட்கப்படாமல் பேசுவோம்

(அக்டோபர் மாதம் நம் குடியிருப்பின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அக்டோபர் 18ஆம் தேதியை உலக மெனோபாஸ் தினம் என்று கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டி ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம் என்றுதான் நம் மகளிர் குழுவில் முதலில் யோசித்தார்கள். "டாக்டர் வந்தால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம், சந்தேகம் கேட்க மாட்டோம். முதலில் நமக்குள் பேசுவோம், அப்புறம் டாக்டரிடம் போவோம்" என்று நான் சொன்னேன். அப்படியென்றால் நீங்களே பேசுங்கள் அக்கா என்று மாட்டிவிட்டார்கள்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவள் என்பதாலும், இதைப் பற்றித் தேடிப் படித்திருப்பதாலும் பேசுகிறேன். எந்த மாத்திரை, யாருக்கு, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பின்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களும் தம்பிகளும் எழுந்து போய்விட வேண்டாம். இதில் பாதி உங்களுக்காகத்தான்.

என்ன நடக்கிறது?

"நின்னு போச்சு" என்று நாம் ரகசியமாகச் சொல்கிறோமே, அதற்கு ஒரு கணக்கு உண்டு. மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்பார்கள். அதற்கு முன்னால் சில வருடங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நாலு மாதத்துக்கு ஒருமுறை என்று முன்னே பின்னே வரும். நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. அமெரிக்காவில் 51 வயதைச் சொல்கிறார்கள். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது வழக்கமானது இல்லை, கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. நம் மூளையில் ஹைபோதாலமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்வது அதன் வேலை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்கே உள்ள சில நரம்பணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன.

நம் மொட்டை மாடித் தொட்டியில் சென்சார் கெட்டுப்போனபோது என்ன நடந்தது? தொட்டி நிறைந்திருந்தும் காலி என்று நினைத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதே கதைதான். உடம்பு அளவான சூட்டில்தான் இருக்கும். ஆனால் மூளை "ஐயோ, கொதிக்குது" என்று தப்பாகக் கணக்குப் போட்டு, சூட்டை வெளியேற்ற உத்தரவு போடுகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று குப்பென்று சூடு ஏறுகிறது. இதயம் படபடக்கிறது. வியர்வை கொட்டுகிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். வியர்வை காய்ந்ததும் குளிரும். மின்விசிறியைக் கூட்டு, குறை, போர்வையை எடு, தள்ளு என்று ராத்திரி முழுக்க நடக்கும் கூத்துக்கு இதுதான் காரணம். தூக்கத்தில் வந்தால் இரவு வியர்வை, விழித்திருக்கும்போது வந்தால் ஹாட் ஃப்ளாஷ். இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இது வந்த காலத்தில் நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்கும். இந்தப் பக்கம் நெற்றியிலிருந்து வியர்வை சலானில் சொட்டும். நோட்டு எண்ணுவதற்கு ஸ்பாஞ்சைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது. "என்ன மேடம், உடம்பு சரியில்லையா, பயந்த மாதிரி இருக்கீங்க" என்று கேட்பார்கள். "வெயில் சார்" என்பேன். திண்டுக்கல்லில் இந்தப் பதிலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்!

அதுதான் இங்கே சிக்கலும்கூட. சித்திரை, வைகாசியில் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது. வெயிலா, வயதா என்று நமக்கே தெரிவதில்லை. மேல் மாடி வீடுகளில் பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. வேறுபாட்டை இப்படிப் பாருங்கள்: வெயில் வியர்வை மெதுவாக வரும், அறையில் இருக்கும் எல்லாருக்கும் வரும். இது திடீரென்று வரும், உங்களுக்கு மட்டும் வரும், மார்கழிக் குளிரிலும் வரும்.

எத்தனை நாள் இருக்கும்?

"ரெண்டு மாசத்துல போயிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். சிலருக்கு அப்படியே போகும். சிலருக்கு வராமலே இருக்கும். ஆனால் அமெரிக்காவில் பல வருடங்கள் தொடர்ந்து பெண்களைக் கவனித்த 'ஸ்வான்' என்ற ஆய்வு, அடிக்கடி இந்தத் தொந்தரவு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்ததாக 2015இல் சொன்னது. அதே ஆய்வில் ஜப்பானிய, சீன வம்சாவளிப் பெண்களுக்கு 5 வருடம் போலத்தான் இருந்தது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். ஏழு வருடம் யாரும் தூங்காமல் தாங்கக் கூடாது. தூக்கம் கெட்டால் மறதி, எரிச்சல், ரத்த அழுத்தம் எல்லாம் பின்னால் வரும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டிய விஷயம் இல்லை இது.

ஒரு நோட்டு போடுங்கள்

வங்கிக்காரி வேறென்ன சொல்வேன்? ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேலை செய்தீர்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாரம் போதும்.

இதில் இரண்டு லாபம். ஒன்று, உங்களுக்கு எது தூண்டிவிடுகிறது என்று தெரியும். ஒருவருக்குச் சூடான காபி, ஒருவருக்கு ராத்திரி பிரியாணி, ஒருவருக்கு வாக்குவாதம். நம் ஊரில் பிரியாணியை விடச் சொன்னால் அடிக்க வருவீர்கள். மதியத்துக்கு மாற்றிப் பாருங்கள், அவ்வளவுதான். இரண்டாவது, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "அடிக்கடி வேர்க்குது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும், "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன், பகலில் ஆறு தடவை" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எண்ணைப் பார்த்தால் டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டில் செய்யக்கூடியவை

பாலியஸ்டர் நைட்டியை ஒதுக்கிவிட்டுப் பருத்தி போடுங்கள். பக்கத்திலேயே சின்னாளபட்டி இருக்கிறது. சுங்குடிப் புடவை நம் பாட்டிமார் காலத்து ஏ.சி. பழைய சுங்குடியை நாலாக மடித்து மெத்தைமேல் விரித்தால் வியர்வையை உறிஞ்சும், காலையில் அலசிப் போடவும் எளிது. மெத்தைக்கு ரெக்ஸின் உறை இருந்தால் எடுத்துவிடுங்கள். கணவன், மனைவி ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை குறையும். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர், ஒரு ஈரத் துண்டு. உங்கள் பக்கம் மட்டும் காற்று வருகிற மாதிரி ஒரு டேபிள் ஃபேன். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் சௌகரியத்துக்கு. சூடு ஏறுவதன் எண்ணிக்கையை இவை குறைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. யோகா, நடைப்பயிற்சிக்கும் அதே பதில்தான். ஆனால் நடையை நிறுத்திவிடாதீர்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டும். கூடுதல் எடை உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் ஹாட் ஃப்ளாஷும் குறைவதாக அதே அறிக்கை சொல்கிறது.

சோயா, எள், வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்கு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சாப்பாட்டு அளவில் சாப்பிடுவதில் பயமில்லை. அதையே பொடியாக, மாத்திரையாக, லேகியமாக மாதக்கணக்கில் எடுப்பதென்றால், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைச் சொல்லித் தகுதியான மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேழ்வரகும் பாலும் எள்ளும் வேறு ஒரு காரணத்துக்காகக் கட்டாயம் வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

மருந்து என்றால் ஏன் பயம்?

இதற்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. அதிகப் பலன் தருவது ஹார்மோன் சிகிச்சை. "அது கேன்சர் வரவைக்கும்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. 2002 ஜூலையில் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

சதவீதம் என்றால் எதன் மேல் சதவீதம் என்று கேட்க வேண்டும். எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. அதாவது 10,000 பேருக்கு 8 பேர் கூடுதல். இந்த 8 பேரை நான் சின்ன எண் என்று ஒதுக்கவில்லை. ஆனால் 26 சதவீதம் என்று கேட்கும்போது மனதில் வரும் படம் வேறு, 10,000க்கு 8 என்று கேட்கும்போது வரும் படம் வேறு. இன்னொன்று, அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. நம் மாதிரி 48, 50 வயதில் தவிக்கிறவர்கள் அதில் குறைவு.

பிறகு கணக்கை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள், தொந்தரவு அதிகமாக உள்ள ஆரோக்கியமான பெண்களுக்கு இந்தச் சிகிச்சையில் நன்மையே அதிகம் என்பது இப்போது மருத்துவ சங்கங்கள் சொல்வது. எல்லாருக்கும் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், ரத்தக்கட்டு உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். அதனால்தான் அக்கா சாப்பிட்ட மாத்திரையைத் தங்கை கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள், நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டின் கொடுப்பார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு "எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா டாக்டர்" என்று கோபப்படாதீர்கள். அந்த மருந்து மூளையின் சூட்டுக் கட்டுப்பாட்டுக்காக. சி.பி.டி. என்ற மனநல ஆலோசனை முறையும் நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

எல்லாமே மெனோபாஸ் இல்லை

இதைத்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். 45 வயதைத் தாண்டிய பெண் எதைச் சொன்னாலும் "அதுதான், அந்த வயசு" என்று முடித்துவிடுகிறோம். அந்தப் பதிலுக்குள் வேறு நோய் ஒளிந்துகொள்ளும். இவற்றை மனதில் வையுங்கள்:

ஒன்று: இரவு வியர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். இது காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரண்டு: சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவருக்கு நடு ராத்திரியில் வியர்த்து, கை நடுங்கி, பசித்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். மறுநாள் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பாருங்கள்.

மூன்று: படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல் சேர்ந்து இருந்தால் தைராய்டு. ஒரு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நான்கு: நெஞ்சு அழுத்தம், தாடையிலோ தோளிலோ கையிலோ வலி, மூச்சுத் திணறல், அதோடு சில்லென்ற வியர்வை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் மாரடைப்பு அபாயம் கூடுகிறது.

ஐந்து: நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவே. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்க முடியும்.

இன்னொரு ஆலோசனையையும் கேட்டிருப்பீர்கள். "கர்ப்பப்பையை எடுத்துவிடு, எல்லாத் தொல்லையும் தீரும்." கர்ப்பப்பையை எடுத்தால் ஹாட் ஃப்ளாஷ் தீராது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் நின்று, சூடு இன்னும் கடுமையாக வரும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிப்பார்கள் என்ற பயமும் அதில் ஒரு காரணம். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. அவற்றை மாநிலங்கள் கடைப்பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அவசரம் இல்லாத நிலையில், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அண்ணன்மாரே, தம்பிகளே, நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ராத்திரி ஃபேனைக் கூட்டினால் "மறுபடியுமா" என்று சலிக்காதீர்கள். நாலு தடவை எழுந்தவர் காலையில் கோபப்பட்டால், தூக்கம் இல்லாத கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள், வெளியே உட்கார்ந்து செல்போன் பார்க்காமல் உள்ளே போங்கள். மருமகள்களுக்கும் மகள்களுக்கும் இதே வார்த்தைதான்.

நம் ஊரில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை சாலையில் காந்திகிராமத்தில் கஸ்தூரிபா மருத்துவமனை இருக்கிறது. காந்திகிராமத்தை 1947இல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், சிறு வயதிலேயே கணவரை இழந்து, பிறகு டெல்லியில் மருத்துவம் படித்தவர். டி.வி.எஸ். குடும்பத்து மகள், நகரத்திலேயே சௌகரியமாக இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா?

நல்ல பக்கமும் ஒன்று உண்டு. மார்ஷா ஃப்ளின்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேச ராஜபுத்திரப் பெண்களிடம் பேசி 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெண்கள் இதை இழப்பாகவே நினைக்கவில்லை. மாதவிலக்கு நின்றதும் முக்காட்டை விட்டு வெளியே வரலாம், ஆண்களோடு உட்கார்ந்து பேசலாம் என்று சந்தோஷப்பட்டார்கள். நம்மிலும் "அப்பாடா, இனிமேல் பழனி பாதயாத்திரைக்குத் தேதி பார்க்க வேண்டாம்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்!

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

கடைசியாக, செயலாளரும் பொருளாளரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். நம் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், இஸ்திரி போடும் அம்மா, எல்லாருமே ஏறக்குறைய இதே வயதுக்காரர்கள். நமக்குக் குப்பென்று சூடு ஏறினால் ஃபேனுக்குக் கீழே ஓடுகிறோம். அவர்கள் வெயிலிலோ, இஸ்திரிப் பெட்டிக்கு முன்னாலோ நிற்கிறார்கள். தரைத்தளத்தில் இருக்கும் கழிவறையின் சாவி எப்போதும் அவர்களுக்குக் கிடைக்கும்படி இருக்கட்டும். பக்கத்து அறையில் ஒரு சுவர் மின்விசிறி, ஒரு தண்ணீர் கேன், இரண்டு நாற்காலி. நான் விலை விசாரித்துவிட்டேன். பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு டீ செலவுகூட ஆகாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன், ஆதரவு தாருங்கள்.

உங்களில் யாருக்காவது டாக்டரிடம் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறை? இப்போது சந்தேகம் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் மகப்பேறு மருத்துவர் ஒருவரை அழைத்து, அந்தத் தாளை அவர் கையில் கொடுப்போம்.